கொற்றன் தைத்த வேப்பிலை

ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. அப்போது வெண்ணிமலை என்றொரு நாடு இருந்தது. அதற்கு ஓர் அரசன் இருந்தான். நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் அவனுக்கு.

ஒரு வருஷம் அரசன் கிளி வளர்த்தான். அரண்மனையில் இருந்த அத்தனை பேரும் கிளி வளர்த்தார்கள். மறுவருஷம் அரசன் யாழ் கற்றான். அத்தனை பேரும் யாழும் கையுமாக அலைந்தார்கள். ஊரில் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டன. மூன்றாம் வருஷம் அரசனுக்குப் பூத்தையல் மேல் ஆசை வந்தது. ஊசியும் வண்ண நூலும் எடுத்துத் துணியில் பூவும் கொடியும் போடுகிறார்களே, அந்த வேலைதான்.

உடனே முரசு அறைந்தார்கள். "அதிகாரிகள் ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஒரு கைக்குட்டையில் பூத்தையல் போட்டு, வரும் பௌர்ணமியன்று சபைக்குக் கொண்டுவர வேண்டும். ஊசி பிடிக்கத் தெரியாதவனுக்கு உத்தியோகம் எதற்கு?"

ஊசிக்கும் உத்தியோகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். அதைக் கேட்க அந்தச் சபையிலேயே ஆள் இல்லை.

அந்த நாட்டின் பெரிய ஏரிக்கு அதிகாரியாக இருந்தவன் கொற்றன். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை அவனுக்கு. முரசொலி கேட்டதும், ஊசி பிடிக்க நேரம் ஏது என்று அவன் பயந்தான். ஏனென்றால் ஏரிக்கரையில் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் அதை அடைத்தாக வேண்டும். அடைக்காவிட்டால் கரைக்குக் கீழே இருக்கும் ஊர்கள் அத்தனையும் போய்விடும்.

இன்னொரு பயமும் இருந்தது. அரசனுக்கு மகரபூடணன் என்று ஒரு மைத்துனன். ஏரி என்றால் தண்ணீர் நிற்கும் இடம் என்று கொற்றன் நினைத்தான். ஏரி என்றால் சும்மா கிடக்கும் நிலம் என்று மகரபூடணன் நினைத்தான். தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே கரும்பு போட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் கனவு. "கொற்றன் தோற்றால் ஏரி எனக்கு" என்று கேட்டு, அரசனிடம் தலையாட்டலும் வாங்கிவிட்டான்.

கொற்றன் பகலெல்லாம் கரையில் மண் கொட்டினான். மாலையில் வீட்டு வாசலில் ஊசியோடு உட்கார்ந்தான்.

முதலில் மயில் தைத்தான். மழையில் நனைந்த கோழி மாதிரி வந்தது. அடுத்து தாமரை தைத்தான். நறுக்கிப் போட்ட கத்தரிக்காய் மாதிரி வந்தது. அவன் மனைவி தேமொழி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க, இப்படிக் கொடுங்க. ரெண்டு பூவை நான் போட்டுத் தர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"என் கையால்தான் போடணும்னு உத்தரவு" என்றான் கொற்றன்.

"ஊரில் ஒருத்தராவது கையால் போடுறாங்களா? எல்லார் வீட்டுக்கும் தையல்காரர் போய் வந்துக்கிட்டு இருக்கார்."

"போகட்டும். நான் போடுவேன்."

கொற்றன் உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பிடிவாதக்காரன், அவ்வளவுதான். தேமொழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி, அப்போ மயிலை விட்டுத் தொலைங்க. முதன்முதலா ஊசி எடுக்கிறவங்க ஒரே ஒரு இலை போடணும். நடுவில் ஒரு நரம்பு, ரெண்டு பக்கமும் வளைவு. நூலை முழ நீளத்துக்கு மேல் எடுக்காதீங்க, சிக்கிக்கும். தையலைச் சுண்டி இழுக்காதீங்க, துணி சுருங்கிடும். அவசரப்படாதீங்க."

கொற்றன் நீள நூல் எடுத்தான், சிக்கியது. சுண்டி இழுத்தான், சுருங்கியது. அவசரப்பட்டான், விரலில் குத்திக்கொண்டான். பிறகு அவள் சொன்னபடி செய்தான். மெல்ல மெல்ல ஒரு வேப்பிலை வந்தது. கோணல்தான். ஆனாலும் யார் பார்த்தாலும் இலை என்பார்கள். கொற்றனுக்கு அப்படியொரு சந்தோஷம்! ஏரி நிரம்பியபோதுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை.

பௌர்ணமி வந்துவிட்டது, இலையின் நடுநரம்பு மட்டும் முடியவில்லை. சபையில் தன் முறைக்குக் காத்திருந்தபோது துணியை மடியில் விரித்து, குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டே இருந்தான்.

அன்று அரசன் சிம்மாசனத்தை விட்டு அசையவே இல்லை. ராஜகுரு வந்தபோதும் எழவில்லை. "கால் மரத்துவிட்டது, சுவாமி" என்று உட்கார்ந்தபடியே கும்பிட்டான். ராஜகுருவின் முகம் கடுகடுத்தது.

முதலில் மகரபூடணன் வந்தான். பொன்னிழையில் தோகை விரித்த மயில்! சபை "ஆகா" என்றது. அடுத்து பொக்கிஷக்காரர் வந்தார். நான்கு குதிரை பூட்டிய தேர்! சபை "ஆகா ஆகா" என்றது. மூன்றாவதாகச் சேனாபதி வந்தார். மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும் புலி! சபைக்குச் சொல்ல வார்த்தையே இல்லை, மூன்று முறை "ஆகா" என்றது.

"ஏரி அதிகாரி கொற்றன்!" என்று கூவினான் காவலன்.

கொற்றன் கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போட்டு எழுந்தான். துணியை உயர்த்தினான். துணியோடு வேட்டியும் உயர்ந்தது.

ஐயோ! மடியில் வைத்துத் தைத்தவன், ஊசி கீழே எது வரை போகிறது என்று பார்க்கவில்லை. கைக்குட்டையை வேட்டியோடு சேர்த்தே தைத்திருந்தான். இழுத்தான், வரவில்லை. இன்னும் இழுத்தான், தொடை தெரிந்தது. சபை கொல்லென்று சிரித்தது. கொற்றன் வேட்டியை இறக்கிப் பிடித்துக்கொண்டு கூனிக்குறுகி நின்றான். ஏரி போயிற்று என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பார்த்தீர்களா அத்தான்? இந்தக் கையையா நம்பி ஏரியைக் கொடுத்தீர்கள்?" என்றான் மகரபூடணன்.

அரசன் சிரிக்கவில்லை. கொற்றனையே உற்றுப் பார்த்தான். "கொற்றா, இதைத் தைத்தது யார்?"

"நான்தான், அரசே. வேறு யார் இப்படித் தைப்பார்கள்?"

அரசன் தன் மேலாடையை மெல்ல விலக்கினான். அவன் மடியில் ஒரு துணி. அதில் ஓர் அன்னம். அவன் சொன்னதால்தான் அன்னம், பார்வைக்குச் சுரைக்காய். அது அவனுடைய பட்டு வேட்டியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

"காலையிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்" என்றான் அரசன். "ராஜகுரு வந்தபோதுகூட என்னால் எழ முடியவில்லை. நிஜமாகத் தைத்துப் பார்த்தவனுக்குத்தான் இந்த விபத்து வரும். உங்கள் யாருக்கும் ஏன் வரவில்லை?"

சபையினர் அவரவர் கைக்குட்டையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"ஊசியும் நூலும் கொண்டு வாருங்கள். மயில் தைத்தவரும், தேர் தைத்தவரும், புலி தைத்தவரும் என் கண்முன்னே ஊசியில் நூலைக் கோத்துக் காட்டட்டும்."

மகரபூடணன் நூலை விட்டுவிட்டு ஊசியை நாக்கில் நனைத்தான். பொக்கிஷக்காரர் எந்த முனையில் ஓட்டை என்று தேடினார். சேனாபதி ஊசியை ஈட்டிபோல ஓங்கிப் பிடித்து, பக்கத்தில் நின்ற காவலனைக் குத்திவிட்டார். கொற்றன் நூல்முனையை வாயில் ஈரப்படுத்தினான், திரித்தான், கோத்தான்.

"ஏரி உன்னிடமே இருக்கட்டும்" என்றான் அரசன். "வேண்டியதைக் கேள்."

"விடுங்கள் அரசே, கரைக்குப் போக வேண்டும். வானம் கறுத்துவிட்டது" என்றான் கொற்றன். வேட்டியில் தொங்கும் கைக்குட்டையோடே ஓடினான். அன்றைக்கே விரிசலை அடைத்து முடித்தான். மழை வந்தது, கொட்டித் தீர்த்தது, கரை நின்றது. கீழே ஊர்களில் அடுப்பு எரிந்தது.

சபையினர் திருந்தினார்களா என்று கேட்கிறீர்களா? மறுநாள் காலை அத்தனை பேரும் சபைக்கு வந்தார்கள். அத்தனை பேர் வேட்டியிலும் ஒரு கைக்குட்டை சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அரசன் மகிழ்ந்துபோய் மகரபூடணனை அருகில் அழைத்துத் தையலைத் தடவிப் பார்த்தான். சீரான தையல், நேரான தையல், எறும்பு ஊர்ந்த மாதிரி அழகான தையல்.

அதையும் தையல்காரரைக் கூப்பிட்டுத்தான் தைத்திருந்தார்கள்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவர் கையால் செய்த அழகான வேலையைவிட, தன் கையால் செய்த கோணல் வேலையே ஒருவனைக் காப்பாற்றும்.