நாலு விரல் கண்ணி

கடல் மூன்று புறமும் சூழ்ந்த முத்தலைக்கரை நாட்டை அந்தக் காலத்தில் கோலாகல மாறன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் வஞ்சிர வறுவல் இல்லாத நாளில் அவருடைய நல்ல குணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் உள்ளங்கை அகலம் இருக்க வேண்டிய வஞ்சிரத் துண்டு, வெட்டுப்பாக்கு அளவில் இலையில் கிடந்தது. அரசர் இலையைத் தள்ளிவிட்டு நேராகச் சபைக்கு வந்தார். "என் மீனைச் சுருக்கியது யார்?"

துறைமுக அதிகாரி மகுடேசன் இந்தக் கேள்விக்கே காத்திருந்தவன் போல எழுந்தான். அரண்மனைக்கு மீன் கொண்டுவரும் சங்குவடிவை அவனுக்கு ஆகவே ஆகாது. அவள் பேசினால் அரசர் சிரிக்கிறார், தான் பேசினால் கொட்டாவி விடுகிறார் என்ற வயிற்றெரிச்சல்.

"மீனவர் வலையைப் பாருங்கள் அரசே. ஒவ்வொரு கண்ணியிலும் நாலு விரல் நுழைகிறது. வந்த மீனை அவர்களே வழியனுப்பி வைக்கிறார்கள். என் படகுகளில் இருப்பது சல்லடை வலை. கொசு கூடத் தப்பாது. எல்லோரும் அதையே வீசட்டும்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். இவன் படகுகள் இரண்டு வருடமாகக் குஞ்சு குளுவான் வரை வாரியதால்தான் கடலில் பெரிய மீனே இல்லை. வாரிய குஞ்சையாவது யாராவது தின்றார்களா? அதுவும் இல்லை, இவன் தென்னந்தோப்புக்கு உரமாகப் போனது. கெடுத்தவனே வைத்தியம் சொல்ல, சபை மொத்தமும் தலையாட்டியது. அரசரும் ஆணை போட்டுவிட்டார்: பௌர்ணமிக்குள் பழைய வலைகளை எரிக்க வேண்டும், மறுக்கும் குப்பம் கரையைக் காலி செய்ய வேண்டும்.

செய்தி கேட்ட சங்குவடிவு, மீன் கூடையை இறக்காமலே சபைக்குள் வந்து நின்றாள். குஞ்சைத் தப்பவிடும் வலைதான் நாளைக்கும் மீன் தரும் என்று வாதாடினாள். மகுடேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "மீனை விட்டுவிட்டால் மீன் கூடுமாம். ஏ மீன்காரி, உன் கூடையில் மூளையும் விற்பனைக்கு உண்டா?"

"இருந்தது ஐயா. உங்கள் வீட்டில் வாங்குகிற பழக்கம் இல்லையே."

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிரூபித்தால் ஆணையைத் திரும்பப் பெறுவதாகவும், தோற்றால் முதலில் எரிவது அவள் வலைதான் என்றும் சொன்னார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். நாளை படைக்கு ஆள் எடுக்கும் நாள். அந்த ஒரு நாள் அதிகாரம் தனக்கு வேண்டும்.

அந்த நாட்டுப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. மைதான வாசலில் நெஞ்சு உயரத்தில் ஒரு மூங்கில் கழி கட்டியிருப்பார்கள். குனியாமல் அதன் கீழே நுழைந்து போகிறவன் வீட்டுக்குப் போய் வளர்ந்து வர வேண்டும். சங்குவடிவு அதிகாலையிலேயே அந்தக் கழியை அவிழ்த்துப் போட்டாள். ஒருவரும் தப்பக் கூடாது என்று ஊரெல்லாம் முரசு அறைய வைத்தாள்.

அரசர் யானை மேல் வந்து பார்த்தால், மைதானம் முழுக்கக் குழந்தைகள். முன்வரிசை வீரன் வாளுறையைக் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வீராங்கனை கேடயத்தில் படுத்துத் தூங்கினாள். மரியாதை முரசு முழங்கியதும் படை மொத்தமும் ஒரே குரலில் வீரிட்டு அழுதது. ஓரத்து நிழலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் வேல் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். "வயிற்றில் இருப்பவர்களும் தப்பக் கூடாதல்லவா?" என்றாள் சங்குவடிவு.

அரசருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதற்குள் மகுடேசன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். வெள்ளித் தொட்டிலில், நெற்றிப் பொட்டோடு, தலைக்கவசத்துக்குள் முழுசாக மறைந்து கிடந்தது அவனுடைய பேரன்.

"அரசே, இவனுக்கு நாற்பது நாள்தான் ஆகிறது. இப்போது பிடித்து யாருக்கு என்ன லாபம்? வளரவிட்டால் நாளைக்கு வீரன் ஆவான், பத்துப் பிள்ளை பெறுவான். இப்படிக் குஞ்சிலேயே வாரிக்கொண்டால் அடுத்த தலைமுறைக்கு நாட்டில் ஆள் ஏது?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. 

சங்குவடிவு தோளில் கிடந்த வலையை விரித்து, ஒரு கண்ணியில் நாலு விரலை நுழைத்துக் காட்டினாள். "இதுதான் எங்கள் மூங்கில் கழி, மகாராஜா. இதில் நுழைந்து போகிறவர்கள் வளர்ந்து வரட்டும்."

அரசர் யானையை விட்டு இறங்கினார். அதுவே பெரிய விஷயம். நாலு விரலுக்குக் குறைந்த கண்ணி இனிக் கடலில் இறங்கக் கூடாது என்றார். நிழலில் இருந்த தாய்மார்களைப் பார்த்துவிட்டு, மீன்கள் சினை பிடிக்கும் மாதங்களில் படகுகள் கரையிலேயே நிற்கட்டும், அந்த மாதங்களில் குப்பங்களுக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அரிசி போகட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். கரையைக் காக்கும் பொறுப்பு சங்குவடிவுக்கு வந்தது.

"மகுடேசனின் சல்லடை வலைகளை என்ன செய்வது?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொசு கூடத் தப்பாதாமே. வெட்டித் தூளி கட்டுங்கள். அத்தனை குழந்தைகளையும் தூங்க வைத்துவிட்டுத்தான் அவன் வீடு போகலாம்" என்றார் அரசர்.

முதல் தூளியில் தன் பேரனையே போட்டு ஆட்டினான் மகுடேசன். அவன் தாலாட்டு கேட்டு அந்தப் படை இன்னும் உரக்க அழுதது.

இரண்டு வருடம் அரசர் முருங்கைக்கீரை சாப்பிட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். மூன்றாம் வருடம் இலையில் விழுந்த வஞ்சிரத் துண்டு சோற்றையே மறைத்தது. ஒன்றை முடித்தார், இரண்டை முடித்தார், மூன்றாவதுக்குக் கை நீட்டினார். எதிரே நின்ற சங்குவடிவு, அன்று கண்ணியில் நுழைத்த அதே நாலு விரலை உயர்த்திக் காட்டினாள்.

அரசர் கையை இழுத்துக்கொண்டு, ரசம் கேட்டார்.