எல்லை மண்டபத்தில் சொல்லாமல் விட்டது

அருகருகே இரண்டு சிறு நாடுகள் இருந்தன. ஒன்றைச் சேந்தன் ஆண்டான். மற்றொன்றை வெண்கோதை என்ற அரசி ஆண்டாள். எல்லையிலிருந்த பேரேரி அவளுடையது. முன்னொரு போரில் சேந்தனின் பாட்டன் அதை இழந்திருந்தான்.

ஆண்டுக்கொருமுறை இருவரும் எல்லையிலுள்ள கல்மண்டபத்தில் சந்தித்து, சமாதான ஓலையில் முத்திரை பதிப்பார்கள். காவலர்கள் கூப்பிடு தூரத்தில் நிற்பார்கள். ஒரு நாழிகையில் முடியும் வேலைக்கு ஒரு பகல் முழுவதும் ஆகும்.

"தலைவலி வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று ஒருமுறை அவள் கேட்டாள்.

"யாரிடமும் இல்லை. சொன்னால், மருத்துவர் வருமுன்பே அடுத்த அரசன் யாரென்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அரண்மனையில் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த ஒரு நாளுக்காக இருவருமே ஆண்டு முழுவதும் ஏங்கினார்கள்.

ஆறாம் ஆண்டு வெண்கோதை முகம் வாடி வந்தாள்.

"என் படையில் பாதிப்பேர் விஷக்காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவையில் தைரியசாலிபோல உட்கார்ந்திருக்கிறேன். உண்மையில் பயமாக இருக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் இதைச் சொல்வேன்?"

"இது என்னைத் தாண்டிப் போகாது" என்றான் சேந்தன்.

"உங்கள் நாட்டில் எல்லாரும் நலமா?"

அங்கே கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன. அவள் பாரத்தைக் கூட்ட மனமில்லாமல், "நலம்" என்றான்.

கோடை முற்றியது. "படையெடுத்து ஏரியை மீட்போம், அரசே" என்றார் அமைச்சர் கீரனார். சேந்தன் மறுத்தான், காரணம் சொல்லவில்லை. தண்ணீரில்லாமல் இரண்டு ஊர்கள் காலியாயின.

மழைக்குப் பிறகு, வெண்கோதையின் படையில் பரவிய காய்ச்சலைப் பற்றிய செய்தி வணிகர்கள் வழியாக அமைச்சருக்கு எட்டியது.

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போதே படையெடுத்திருந்தால் ஏரி நம் கைக்கு வந்திருக்கும். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்ற கீரனார், முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார். அரசன் இனி எல்லைக்குப் போகக் கூடாதென்று அவை தடுத்தது.

அடுத்த ஆண்டு மண்டபத்தில் வெண்கோதை காத்திருந்தாள். ஓலையோடு ஒரு தூதன் மட்டும் வந்தான்.

இப்போது சொல்லுங்கள்: ரகசியம் காத்த அரசன், பதவி துறந்த அமைச்சர், இருவரில் யார் செய்தது சரி?

விடை: மக்களுக்காகக் கோபப்பட்ட கீரனார்மேல் குற்றமில்லை. நம்பிச் சொன்ன பயத்தை ஆயுதமாக்காத சேந்தனும் அதில் தவறவில்லை. அவன் தவறியது, "நலம்" என்ற இடத்தில். தோழமை என்றால் அடுத்தவர் கவலையைக் கேட்டுக்கொள்வது மட்டும்தான் என்று நினைத்துவிட்டான். காலியான ஊர்களைப் பற்றித் தூதன் சொல்லக் கேட்ட வெண்கோதை, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏரி மடையைத் திறந்திருப்பேனே. ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றாள். தூதனுக்கு என்ன தெரியும்? முத்திரைக்காக ஓலையை நீட்டினான்.