மருத நிழல் தண்ணீரைத் தொடும் நேரம்

ஓர் ஏரி. மேற்குக் கரையில் புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரையில் ஒரே ஒரு ஆண் மான். அதன் பெயர் நெடுங்காலன்.

நெடுங்காலன் அங்கே ஆசைப்பட்டுப் போய் இருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொம்பு கோத்துச் சண்டை போட்டுத் தோற்றவன் தண்ணீரைக் கடந்து போய்விட வேண்டும். மறுபடி மோத வரும்வரை மேற்குக் கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அவனைத் தேடிக்கொண்டு யாரும் போகவும் கூடாது. போன வருஷம் கிளைக்கொம்பன் என்கிற மான் நெடுங்காலனைச் சேற்றில் தள்ளி மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது.

தோற்றது கூட அவனுக்குப் பெரிதாக இல்லை. தாழையை விட்டு வந்ததுதான் நெஞ்சை அறுத்தது. தாழை அவனோடு ஒன்றாக மேய்ந்து ஒன்றாகத் தூங்கிய பெண் மான்.

மேற்குக் கரையில் ஒரு மருதமரம் நின்றது. சாயங்காலம் அதன் நிழல் நீண்டு தண்ணீரைத் தொடும். அந்த நேரத்துக்குத் தாழை கரைக்கு வருவாள். நெடுங்காலனும் இந்தப் பக்கம் வந்து நிற்பான். கூப்பிட்டால் கேட்காத தூரம். அவள் இடது காதை ஒரு தரம் ஆட்டுவாள். அவனும் ஆட்டுவான். இருட்டும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு நாழிகைக்காகத்தான் அவன் மீதிப் பகலைத் தள்ளினான்.

ஆனாலும் எத்தனை நாள் தூரத்திலிருந்தே பார்ப்பது? போய்ச் சேர வேண்டாமா? சேர வேண்டுமென்றால் கிளைக்கொம்பனை ஜெயிக்க வேண்டும். நெடுங்காலன் ஒரு கீரியைத் தேடிப் போனான். பாம்போடு மல்லுக்கட்டுகிற ஜாதியாயிற்றே!

"சண்டை பழக ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை வேணும்?" என்று கேட்டான்.

"நான் காலையில ரெண்டு நாழிகை. அதுக்கு மேல உடம்புதான் அங்க நிக்கும், புத்தி எங்கேயோ போயிடும்" என்றது கீரி.

இவ்வளவு சுலபமான பதில் யாருக்குப் பிடிக்கும்? அவன் காட்டுப்பன்றியிடம் போனான்.

"கிளைக்கொம்பன் எத்தனை நாழிகை பழகுறான்?" என்று கேட்டது பன்றி.

"தெரியல. பத்து இருக்கும்."

"அப்ப நீ இருபது பழகு."

இதுதான் அவனுக்கு நல்ல யோசனையாகப் பட்டது. கிழக்குக் கரையில் ஒரு புளியமரம் இருந்தது. அதைக் கிளைக்கொம்பனாக வைத்துக்கொண்டான். ஓடி வந்து முட்டுவது, கொம்பைக் கொடுத்து முறுக்குவது, சட்டென்று ஒதுங்குவது. இருபது நாழிகை இப்படி. மேய எட்டு நாழிகை. தாழையைப் பார்க்க இரண்டு. பகல் முப்பதும் சரியாகப் போயிற்று.

பத்து நாள் கழித்துப் பன்றி அந்தப் பக்கமாக வந்தது. "அவன் இப்ப கூட்டியிருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

நெடுங்காலன் கணக்கைத் திரும்பப் போட்டான். இன்னும் இரண்டு நாழிகை வேண்டும். மேய்ச்சலில் குறைத்துப் பார்த்தான், கால் நடுங்கியது. மிச்சம் இருந்தது சாயங்காலம்தான்.

'இப்போது பார்க்காவிட்டால் என்ன? ஜெயித்துவிட்டால் நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கலாமே' என்று மனசைத் தேற்றிக்கொண்டான். முதுகை ஏரிக்குத் திருப்பிக்கொண்டு மரத்தை முட்டினான்.

புளியமரத்தில் ஒரு மந்தி குடியிருந்தது. நாள் முழுக்க மரம் குலுங்கினாலும் பொறுத்துக்கொள்கிற நல்ல மனசு அதற்கு.

"தாழை வந்து நிக்கிறா. பாரு" என்றது மந்தி.

"அப்புறம்."

"காதை ஆட்டுறா."

"அப்புறம்னு சொன்னேனே."

நாலாம் நாள் மந்தி மறுபடி கூப்பிட்டது. "அட, இன்னிக்காவது திரும்பிப் பாரேன். அக்கரையில ஒரு விசேஷம்!"

நெடுங்காலன் சீறினான். "இனிமே என்னைக் கூப்பிடாதே. எனக்கு வேலை இருக்கு."

மந்தி வாயை மூடிக்கொண்டது. அழுகை வந்த நாள்களில் நெடுங்காலன் இன்னும் பலமாக முட்டினான். ஒரு மாதம் ஆனது. புளியமரத்தின் பட்டை ஆளுயரத்துக்கு உரிந்து போயிற்று. அவன் கழுத்து உரல் மாதிரி தடித்தது. ஒரு காலை வேளையில் தண்ணீரில் இறங்கி மேற்குக் கரைக்கு நீந்தினான்.

"கிளைக்கொம்பா, வா வெளியே!"

புதருக்குப் பின்னாலிருந்து கிளைக்கொம்பன் வந்தான். தலை மொட்டையாக இருந்தது. கொம்பு இருந்த இடத்தில் இரண்டு குமிழ்.

"கொம்பு உதிர்ந்து ஒரு மாசமாச்சு. புதுசு முளைச்சு இறுக இன்னும் மாசக்கணக்காகும். எதை வெச்சு உன்கூட மோதுறது? இடம் உன்னோடது, எடுத்துக்கோ" என்றான்.

நெடுங்காலன் அந்தக் குமிழ்களைப் பார்த்தான். வருஷா வருஷம் மானுக்குக் கொம்பு உதிரும், அதுவும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு மாசத்தில் உதிரும் என்று அவனுக்குத் தெரியாதா? மந்தி சொன்ன விசேஷம் இதுதான். அன்றைக்குத் திரும்பியிருந்தால், மருத நிழலில் அந்த மொட்டைத் தலையை அவனே பார்த்திருப்பான். மறுநாளே வந்திருக்கலாம்.

"தாழை எங்கே?" என்று கேட்டான்.

கிளைக்கொம்பன் தரையைப் பார்த்தான். "தினம் கரையில போய் நின்னா. காதை ஆட்டினா. நீ முதுகைக் காட்டிட்டே இருந்தே. இருபது நாள் பார்த்தா. மறந்துட்டான்னு சொல்லி அழுதா. அப்புறம் வடக்கு மலைக் கூட்டம் தண்ணி குடிக்க வந்துச்சு. அதோட போயிட்டா."

"எந்த வழியா?"

"மலைக்கு ஆயிரம் வழி. யாருக்குத் தெரியும்?"

நெடுங்காலன் பல நாள் தேடி அலைந்துவிட்டு வெறும் மனசோடு திரும்பினான். அவனை எதிர்க்க அந்தக் காட்டில் எவனும் வரவில்லை. ஆனால் மருத நிழல் தண்ணீரைத் தொட்டதும் அவன் கரைக்கு வந்துவிடுவான். தாழை நின்ற இடத்தில் நின்று, யாருமில்லாத அக்கரையைப் பார்த்து இடது காதை ஒரு தரம் ஆட்டுவான். புளியமரத்து மந்தி அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை பழகுவது என்று கணக்குப் போடுகிறவர்கள், யாருக்காகப் பழகுகிறோமோ அவர்களுக்கு உரிய நேரத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.