மடித்துக் காட்டிய இலை

தாழையூற்றுக் காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். கண்ணோரம் பொட்டு வைத்தது போலச் சிவந்திருந்ததால் அவளுக்குக் குங்குமி என்று பெயர். நரி வந்தாலும் சரி, நாய் வந்தாலும் சரி, முதலில் கத்துகிறவள் அவள்தான். அந்தச் சத்தம் கேட்டால் காடே ஒதுங்கி நின்றுகொள்ளும். ஊருக்கெல்லாம் ஆபத்தைச் சொன்னவள், தனக்குச் சொல்லிக்கொள்ள மட்டும் கொஞ்சம் தாமதித்துவிட்டாள்.

அந்த வருஷம் அவள் குடியிருந்த குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. கரைச் சேறு மறைந்தது. சேற்றோடு புழுவும் பூச்சியும் போயின. அவள் வீட்டுக்காரருக்கோ இறக்கையில் அடி. கூட்டில் நான்கு குஞ்சுகள். நான்கும் பொழுது விடிந்தால் பொழுது சாயும் வரை வாயைத் திறந்தபடியே இருந்தன.

"நான் நல்லா இருந்தா பிள்ளைங்களை இப்படி விட்டிருப்பேனா?" என்று வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டார்.

"நீங்க சும்மா இருங்க. நான் வேலை தேடுறேன். இத்தனை பெரிய காட்டுல எனக்கொரு வேலை கிடைக்காமலா போயிடும்?" என்றாள் குங்குமி. தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். இன்னும் மூன்று நாள் இப்படியே போனால் கடைக்குட்டி தாங்காது.

அந்தக் காட்டில் வேலை வேண்டுமென்றால் புங்கமரத்துக்குப் போக வேண்டும். ஆள் தேவைப்படுகிறவர்கள் தேக்கிலையில் கீறி அங்கே முள்ளால் குத்தி வைப்பார்கள். அன்று சாயங்காலம் மரத்தில் இரண்டே இலைகள் இருந்தன.

முதல் இலையைக் குங்குமி படித்தாள்.

"மேயும்போது கூட நடக்க ஆள் தேவை. நாங்கள் மிதிக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியெல்லாம் உங்களுக்கு. புலி வந்தால் கத்த வேண்டும். சேறு உண்டு. நாற்றம் உண்டு. மழையிலும் லீவு கிடையாது. இப்படிக்கு, கரட்டடி எருமைக் கூட்டம்."

"நாற்றமாம்! அதை வேற எழுதி வெச்சிருக்காங்களே!" என்று மூக்கைச் சுளித்தாள்.

இரண்டாவது இலை பளபளவென்று எண்ணெய் தடவினாற்போல் இருந்தது.

"ஆற்றங்கரை மாளிகைக்கு ஆள் தேவை! சிவந்த கூடம்! இரண்டு வரிசை வெண்படிகள்! படி இடுக்கில் இருப்பதைக் கொத்திச் சுத்தம் செய்தால் போதும். கொத்துவதெல்லாம் உங்களுக்கே! முன் அனுபவம் தேவையில்லை. குனிந்து நுழையும் உயரம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. எங்களிடம் சேர்ந்தவர்கள் எங்களில் ஒருவராகவே ஆகிவிடுகிறார்கள்!"

குங்குமிக்குப் புல்லரித்தது. மாளிகை! குஞ்சுகளுக்கு வயிறு நிறையச் சோறு!

இலையின் அடியில் எறும்பு ஊர்ந்தது போல இன்னும் சில வரிகள் இருந்தன. "தனியாக வரவும். காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். முன்பு சேர்ந்தவர்களைப் பற்றி விசாரிக்கக் கூடாது."

அதைப் படித்ததும் அவள் தொண்டையில் ஏதோ உறுத்தியது. ஆபத்தைக் கண்டால் சத்தம் கிளம்புமே, அதே இடம். குங்குமி எச்சிலை விழுங்கி அதை உள்ளே தள்ளிவிட்டாள். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அன்று அவளிடமிருந்து முதலில் பறந்தது புத்தி.

வேலைக்குப் போகுமுன் அந்தக் காட்டில் எல்லாரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. இலையை எடுத்துக்கொண்டு நாவல்மரத்துக்குப் போவார்கள். அங்கே ஒரு கிளைக் கவட்டையில் கைபேசி ஒன்று இருந்தது. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ தவறவிட்டது. முதுகில் வெயில் தகடு இருந்ததால் அதற்குச் சார்ஜ் தீரவே தீராது. அதற்குள் இருக்கும் மூளைக்கு நகரத்தில் செயற்கை நுண்ணறிவு என்று பெயராம். காட்டில் அறிவுப்பெட்டி என்பார்கள். இலையைக் காட்டினால் படிக்கும். கேட்டால் பதில் சொல்லும். ஒருமுறை பார்த்த இலையை மறக்காது. சடைச்சி என்ற மந்தி அதைப் பார்த்துக்கொண்டாள்.

"இலையை முழுசா விரிச்சுக் காட்டணும், தெரியும்ல?" என்றாள் சடைச்சி. வாய் நிறைய நாவல்பழம், நாக்கெல்லாம் ஊதா.

"தெரியும், தெரியும்!" என்றாள் குங்குமி. ஆனால் மந்தி அடுத்த பழத்துக்குக் கை நீட்டிய நேரத்தில், இலையின் கீழ்ப்பாதியை மடித்துக் காலடியில் வைத்து மிதித்துக்கொண்டாள். யாரை ஏமாற்றுகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

"அறிவுப்பெட்டியே, இந்த வேலைக்கு நான் பொருத்தமா?"

"மிகவும் பொருத்தம்!" என்றது பெட்டி. "அலகு கூர்மை. உயரம் சரி. முன் அனுபவம் கேட்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தருவேன். விண்ணப்பம் எழுதித் தரட்டுமா? ஆனால் இலையின் கீழ்ப்பகுதி எனக்குத் தெரியவில்லை. அதையும்..."

"போதும், போதும்! தொண்ணூற்றெட்டே போதும்!" என்று குங்குமி பறந்துவிட்டாள்.

"ஏய், பெட்டி பேசி முடிக்கட்டும்டி!" என்று சடைச்சி கத்தினாள். கேட்க ஆள் இல்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் குங்குமி கிளம்பினாள். வழியில், நாவல்மரத்துக்குச் சற்றுத் தள்ளி, ஓர் உள்ளான் குருவி வாலை ஆட்டி ஆட்டி நடந்துகொண்டிருந்தாள். பெயர் மணிக்காலி. அவள் அலகிலும் பளபளப்பான ஓர் இலை.

"எங்கே இவ்வளவு காலையில?" என்றாள் குங்குமி.

"மாளிகை வேலைக்குக்கா! போன வாரமே இலையை எடுத்து வெச்சிருந்தேன். பெட்டிகிட்ட கேட்டேன். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுன்னு சொல்லிடுச்சு!"

குங்குமிக்குச் சுருக்கென்றது. "உனக்குமா?"

"ஏன், உங்களுக்குமா?"

"ஆமா. இலையோட கீழ்ப்பாதியைக் காட்டினியா?"

"அந்தச் சின்ன எழுத்தா? அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன். அதையெல்லாம் யாருக்கா படிக்கிறாங்க? நான் வரேன், முந்துறவங்களுக்குத்தான் வேலை!" என்று சொல்லி மணிக்காலி விருட்டென்று பறந்தாள்.

குங்குமி அங்கேயே நின்றாள். பின்னால் போனால் முந்தலாம். அவள் சிறகு பெரிது. கடைக்குட்டியின் திறந்த வாய் கண்முன் வந்தது. ஆனால் தொண்டையில் அந்த உறுத்தல் மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை விழுங்க முடியவில்லை. அவள் நாவல்மரத்துக்குத் திரும்பினாள். வெட்கமாகத்தான் இருந்தது.

"என்ன, மாளிகையில சேர்த்துக்கலையா?" என்று சடைச்சி சிரித்தாள்.

"நீ அப்புறம் சிரி. நான் நேத்து இலையை மடிச்சுக் காட்டினேன்," என்றாள் குங்குமி. இலையை நன்றாக விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தாள். "பெட்டியே, நேத்து தப்பாக் கேட்டுட்டேன். இந்த வேலைக்கு நான் பொருத்தமான்னு கேட்கலை. இந்த வேலை எனக்குப் பொருத்தமா?"

பெட்டி கடைசி வரி வரை படித்தது. பிறகு நிதானமாகச் சொன்னது.

"நேற்று நீங்கள் கேட்டதற்கு நேற்றே பதில் சொன்னேன். இன்று கேட்டதுதான் கேள்வி. வேலை கொடுப்பவர் யார் என்று இதில் இல்லை. தனியாக வரச் சொல்கிறார்கள். விசாரிக்காதே என்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு இதே இலையை ஒன்பது பேர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். ஒருவருமே பிறகு வேறு இலையோடு வரவில்லை. நல்ல வேலை என்றால் ஒன்பது தடவையா ஆள் எடுப்பார்கள்?"

சடைச்சியின் கையிலிருந்த பழம் கீழே விழுந்தது.

"சிவந்த கூடம், இரண்டு வரிசை வெண்படிகள், குனிந்து நுழைய வேண்டும். எனக்கு அது ஒரு வாய் என்று தோன்றுகிறது," என்றது பெட்டி. "ஆனால் நான் ஆற்றைப் பார்த்ததில்லை. மரத்தில் உட்கார்ந்து இலையைத்தான் படிக்கிறேன். தூரத்தில் நின்று உங்கள் கண்ணால் பாருங்கள்."

"மணிக்காலி!" என்று அலறிக்கொண்டு குங்குமி எழும்பினாள். அன்று அவள் பறந்த வேகத்தில் ஒருநாளும் பறந்ததில்லை.

ஆற்று மணலில் ஒரு கிழ முதலை வாயைப் பிளந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சிவந்த கூடம். மேலும் கீழும் வெண்படிகள். கீழ்வரிசையில் மணிக்காலி நின்று, பல்லிடுக்கில் ஒரு மீன் துண்டைக் கொத்திக்கொண்டிருந்தாள்!

குங்குமியின் தொண்டையில் முந்தின நாளிலிருந்து அடைத்துக்கிடந்த சத்தம் வெடித்துக் கிளம்பியது. ஆற்றின் அக்கரை வரை கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் காட்டில் எந்தக் குருவியும் யோசித்து நிற்காது. மணிக்காலி என்ன ஏதென்று பார்க்காமல் எவ்விக் குதித்தாள். படார் என்று வாய் மூடியது! மூன்று வால் இறகுகள் முதலையின் பல்லில் தங்கிவிட்டன. மற்றதெல்லாம் மணிக்காலியோடு பத்திரமாக வந்து சேர்ந்தது.

"அநியாயம்!" என்றாள் குங்குமி. "மாளிகைன்னு பொய் சொல்லி ஊரை ஏமாத்துறியே!"

முதலை கோபப்படவில்லை. பல்லிலிருந்த இறகை நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னது: "மாளிகைன்னது கொஞ்சம் பெருமைக்கு. மத்ததுல எது பொய்? கூடம் சிவப்பா இல்லையா? படி வெள்ளையா இல்லையா? சேர்ந்தவங்க எங்களில் ஒருவராகவே ஆகிடுவாங்கன்னு எழுதினேன். ஆனாங்க! சாப்பாட்டு நேரத்தைக்கூடச் சொல்லிட்டேனே. நீங்க படிக்கலைன்னா நான் என்ன பண்றது?"

குங்குமி இலையை மிதித்த தன் காலைக் குனிந்து பார்த்தாள். அந்தக் கீழ்ப்பாதியை மடித்தது முதலை இல்லையே! மணிக்காலி அவள் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். இருவரும் திரும்பிப் பறந்தார்கள்.

புங்கமரத்தில் எருமைகளின் இலை அப்படியே இருந்தது. குங்குமி இந்தத் தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பெட்டியிடம் முழுதாக விரித்துக் காட்டினாள்.

"சிரமமான வேலை," என்றது பெட்டி. "ஆனால் சிரமத்தை அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆபத்தைக் கண்டால் கத்த வேண்டும் என்கிறார்கள். உங்களுக்கு அது கைவந்த கலை. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்."

குங்குமி உடனே சேர்ந்துவிடவில்லை. கரட்டடியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். எருமைகள் நடக்க நடக்கப் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் சிதறின. இரண்டு கொக்குகள் பின்னாலேயே வயிறு முட்டத் தின்றன.

"எத்தனை நாளா இங்கே வேலை?" என்று கேட்டாள்.

"நாலு வருஷமாச்சு! நாத்தம் பத்து நாள்ல பழகிடும்," என்றது ஒரு கொக்கு.

அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் அலகு நிறைய வெட்டுக்கிளிகளோடு கூட்டுக்குத் திரும்பினாள். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன இப்படி ஒரு நாத்தம்!"

"அதை இலையிலேயே எழுதியிருந்தாங்க," என்று சொல்லிக் கடைக்குட்டியின் வாயில் முதல் வெட்டுக்கிளியை வைத்தாள் குங்குமி.

வேலை தேடுகிறவர்கள், எத்தனை பெரிய அறிவுப்பெட்டி கையில் இருந்தாலும், இலையை மடிக்காமல் காட்டி, அந்த வேலைக்கு நாம் பொருத்தமா என்பதற்கு முன்னால் அது நமக்குப் பொருத்தமா என்று கேட்க வேண்டும்.