மூன்று சக்கரத்தில் ஒரு வீடு

பொள்ளாச்சியில் ஒரு ஜீப் இருந்தது. அதன் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்ல ஒரு டிரெய்லர் வீடும் இருந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள். உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி.

இரண்டும் தாட்சாயணியுடையவை. அவள் கணவன் இளம்பரிதி ஒரு விபத்துக்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே முதுகு தாங்காது, படுத்தாக வேண்டும். "இந்த நிலைமையில ஊர் சுத்தப் போறீங்களா? பேசாம வீட்டோட இருங்க" என்றார்கள் உறவினர்கள். அவள் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்குக் கிளம்பினாள்.

திருநெல்வேலி தாண்டி, காற்றாலைகள் நிற்கும் வெட்டவெளியில், டிரெய்லரின் இடப்பக்கப் பின்சக்கரம் அலறியது.

"எனக்குள் ஏதோ எரிகிறதே!"

புகை கிளம்பியது. தாட்சாயணி ஓரம் கட்டினாள். பின்னால் வந்த லாரியும் நின்றது. ஓட்டுநர் இசக்கிராஜா இறங்கிக் குனிந்து பார்த்தான்.

"பேரிங் பொடிஞ்சு போச்சுக்கா. இந்தச் சாமான் இங்கன கிடைக்காது. டிரெய்லர விட்டுட்டு ஜீப்ப மட்டும் எடுத்துட்டுப் போங்க."

ஜீப்புக்கு அது பிடித்திருந்தது. "நல்ல யோசனை! கொக்கியைக் கழற்றினால் பறந்துவிடுவேன்."

"பற. ஆனால் அவர் எங்கே படுப்பார்?" என்று கேட்டது கட்டில்.

ஜீப் கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

எரிந்த சக்கரம் விம்மியது. "எல்லாம் என்னால்தான். என்னை இந்தப் பள்ளத்தில் உருட்டிவிட்டுப் போங்கள்."

"சும்மா இரு" என்றது அதன் பக்கத்திலிருந்த முன்சக்கரம். "உன் பாரத்தையும் நானே சுமக்கிறேன்."

"தாங்குவாயா?"

"ஜீப் அவசரப்படாமல் போனால் தாங்குவேன்."

"என்னைக் காலி செய்யட்டும்" என்றது தண்ணீர்த் தொட்டி. "பெரிய கனமே நான்தான்."

மனிதர் காதுகளில் இதெல்லாம் விழவில்லை. ஆனால் ஜீப்பின் முன்னிருக்கையிலிருந்து பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த இளம்பரிதி குரல் கொடுத்தான்.

"தாட்சா, அதே பக்கத்துல இன்னொரு சக்கரம் நல்லாத்தானே இருக்கு? கெட்டதைக் கழட்டிட்டு, அதோட அச்சைச் சங்கிலி போட்டு மேலே தூக்கிக் கட்டிரலாமா?"

"நானும் அதைத்தானுங்க நினைச்சேன். தம்பி, உங்க ஜாக்கியைக் கொஞ்சம் கொடுங்க."

"ஒத்தச் சக்கரம் அம்புட்டையும் தாங்குமாக்கா?"

"நான் தாங்கலையா?"

"அவ்வளவு கனமாவா இருக்கேன்?" என்று இளம்பரிதி உள்ளிருந்து சிரித்தான். இசக்கிராஜாவும் சிரித்துக்கொண்டே ஜாக்கியைக் கொண்டுவந்தான்.

வெயிலில் மூவருக்கும் வேர்த்தது. தாட்சாயணியின் புறங்கை சூட்டில் கன்றிப்போனது. சக்கரம் கழன்றது; அச்சு மேலேறிச் சங்கிலியில் தொங்கியது; தொட்டித் தண்ணீர் சாலையோர ஆவாரஞ்செடிகளுக்குப் போனது.

"கெட்ட சக்கரத்தை என்னக்கா செய்ய?"

"என் கட்டிலுக்கடியில வைங்க" என்றான் இளம்பரிதி.

ஜீப் மாட்டுவண்டி வேகத்தில் புறப்பட்டது. பேருந்துகள் ஒலியெழுப்பிக் கடந்தன. மோட்டார் சைக்கிள்கள்கூட முந்தின. "நகரு, நகரு!" என்று கத்தியது ஒரு கார்.

"நீ போ" என்றது ஜீப். "நான் ஒரு வீட்டைக் கூட்டிக்கொண்டு போகிறேன்." அப்படிச் சொன்னபோது தன் குரல் அவ்வளவு நிமிர்ந்திருப்பது அதற்கே வியப்பாக இருந்தது.

இளம்பரிதி வழிநெடுகக் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "புகை இல்லை, போ... இந்தக் குழியைப் பார்த்து... சபாஷ்!" முதுகு வலித்தபோதெல்லாம் நின்றார்கள். அவன் படுத்தான், முன்சக்கரமும் அந்த நேரத்தில் சூடு தணிந்துகொண்டது.

மறுநாள் பிற்பகல் கன்னியாகுமரிக் காற்று முகத்தில் அடித்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தின் காவலாளி டிரெய்லரைச் சுற்றிவந்து, சங்கிலியில் தொங்கிய அச்சைக் கண்டு திகைத்தார்.

"என்னம்மா இது? ஒரு சக்கரம் குறையுதே!"

தாட்சாயணி கிரீஸ் படிந்த கைகளை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தாள்.

"குறையலைங்கண்ணா. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கோம்."