நடுவுக்குப் போன மாப்பிள்ளை

அசமந்தபுரத்துச் சீனிச்சாமிக்குப் பல இடம் கைநழுவிப் போய், ஒருவழியாகப் பெண் கிடைத்தது. முகூர்த்தம் ஆனிக் கடைசியில். தவறவிட்டால் ஆடி வந்துவிடும்; ஆவணிக்குள் பெண்வீட்டாருக்குப் புத்தி வந்துவிடும். அதனால் மாப்பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை, ஊர் தன் அறிவாளிகளான குருவையாவிடமும் சங்கிலியிடமும் ஒப்படைத்தது. அந்த ஊரில் அவர்களைவிட அறிவாளிகள் கிடையாது. பாவம், ஊர் என்ன செய்யும்?

கல்யாண மண்டபத்துக்கு எதிரே பூங்கா. அதில் பிள்ளைகள் சுற்றும் இரும்புத்தட்டு ராட்டினம். இன்னும் நேரமிருந்ததால் மூவரும் அதை ஓடித் தள்ளி, ஓரத்தில் தொற்றிக்கொண்டார்கள்.

“பயமா இருந்தா நடுக்கம்பியைப் பிடிச்சுக்குங்க” என்றார் பூங்காக் காவல்காரர்.

பயமாக இருந்தது. நடுவுக்கு வந்தார்கள். ராட்டினம் வேகமெடுத்தது. பயம் கூடியது. இன்னும் ஒடுங்கிக் கம்பியைக் கட்டிக்கொண்டார்கள். வேகம் இன்னும் கூடியது.

“யோவ், ஓரத்துக்கு வாங்கய்யா!” என்று கத்தினார் காவல்காரர். “தள்ளிவிட்ட சுழற்சி எங்கயும் போகாது. பாரம் நடுவுல ஒடுங்குனா வேகமா சுத்தும், ஓரத்துல பரவுனா மெதுவா சுத்தும்!”

ஓரத்துக்கு நகர்ந்தார்கள். மெதுவானது. அப்போது பார்த்து மண்டபத்தில் மேளம் கேட்டது.

“முகூர்த்தம் நெருங்கிருச்சுடா! இந்த வேகத்துல எப்பப் போய்ச் சேர்றது?” என்றான் சங்கிலி.

குருவையா ஆழ்ந்து யோசித்தான். “எல்லாரும் நடுவுக்கு வாங்க. சீக்கிரம் போயிரலாம்.”

போனார்கள். மண்டபம் கண்ணெதிரே வந்தது, இறங்குவதற்குள் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

“நிக்கவே மாட்டேங்குதே!” என்று சீனிச்சாமி அழுதான். காவல்காரர்தான் தட்டைப் பிடித்து நிறுத்தி, மூவரையும் மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்.

அங்கே ஐயர் பதறிக்கொண்டிருந்தார். “உங்க வழக்கப்படி அக்கினியை மூணு சுத்து வந்தாத்தான் தாலி. முகூர்த்தம் முடியப்போறது. வேகமா சுத்துங்கோ!”

பெண்ணின் கையைப் பிடித்த மாப்பிள்ளை, தோழர்களைப் பார்த்தான். “வேகமாச் சுத்தணுமாம்.”

“அப்ப நடுவுக்குப் போ” என்றான் குருவையா.

“நடுவுல நெருப்புல்ல இருக்கு?”

“ராட்டினத்து நடுவுல கம்பி இருந்துச்சு. அதுக்காக விட்டுட்டமா?”

சீனிச்சாமிக்கு அது நியாயமாகப் பட்டது. நெருப்பை ஒட்டி ஒட்டிப் போனான். வேட்டி நுனி பற்றிக்கொண்டது. “ஆத்தாடி!” என்று பெண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் மூன்று சுற்றையும் முடித்துவிட்டான். மாமனார் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். ஈரம் சொட்டச் சொட்டத் தாலி கட்டினான். முகூர்த்தம் தப்பவில்லை.

குருவையா சபையை ஒருமுறை பார்த்தான். “காவல்காரர் சொன்னது சரியாப் போச்சுல்ல?”

“நம்ம மாப்பிள்ளைக்குத்தான் தெரியாம ஓரத்துல ஆரம்பிச்சு நேரம் வீணாப்போச்சு” என்றான் சங்கிலி. “என் கல்யாணத்துல பாரு, எடுத்த எடுப்புலயே நடுவுல போய் உக்காந்துருவேன்.”