எந்தக் கட்சிக்காரர்?

"கட்சிக்காரங்க கழுத்தை நெரிக்காங்க மேடம். என்ன செய்யன்னே தெரியல."

சொன்னவர் எம்.எல்.ஏ. பலவேசம். கேட்டுக்கொண்டிருந்தவர் தமயந்தி அம்மாள், அந்தச் சின்ன ஊர் கோர்ட்டில் அவருக்கு வக்கீல் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர். எம்.எல்.ஏ. என்ன, மந்திரியே ஆனாலும் அந்த அம்மாளுக்குப் பலவேசம் ஜூனியர்தான். உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டார்.

அம்மாள் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே பேசினார்.

"நெரிக்கத்தான் செய்வாங்க. அவங்க வயக்காடுல்லா போவுது."

பலவேசம் திருதிருவென்று விழித்தார்.

"ஐயோ, அந்தக் கட்சிக்காரங்க இல்ல மேடம். என் கட்சிக்காரங்க."

"வயக்காட்டு கேஸுல உன் கட்சிக்காரங்க அவங்கதான? நீதான ஸ்டே வாங்கிக் குடுத்த?"

"அது வக்கீலா இருக்கும்போது. இப்ப நான் சொல்லுதது அரசியல் கட்சி!"

பாழாய்ப்போன ஒரே சொல். கோர்ட்டில் ஒருத்தரைக் காட்டும், கொடி பிடித்தால் வேறொருத்தரைக் காட்டும்.

விஷயம் இதுதான். பதினொரு மணிக்குக் கலெக்டர் முன்னால் கூட்டம். 'தொழிற்சாலைக்கு நிலம் கொடுக்க ஊரே சம்மதம்' என்று பலவேசம் எழுந்து வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டிய தாளைக் கட்சியே டைப் அடித்துக் கொடுத்துவிட்டது. வாசிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது. ஊர்க்காரர்களோ, நம்ம வக்கீல் இருக்கார் என்று நம்பி இதே ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

"அப்ப அவங்களுக்கு வக்கீல் இல்ல."

அம்மாள் எழுந்து கறுப்புக் கோட்டை மாட்டினார்.

"நான் ஆஜராறேன். உனக்கு எதிரா."

பலவேசம் ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த அம்மாளின் குறுக்கு விசாரணையில் இன்ஸ்பெக்டர்களே உளறியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே!

"மேடம், நீங்களேவா?"

"முதல் கேள்வி. சம்மதம்னு சொன்னவங்கள்ல ஒருத்தர் பேரைச் சொல்லு."

வாசலில் நின்ற அத்தனை பேரையும் பலவேசத்துக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். சம்மதம் சொன்னவர் ஒருத்தரும் அதில் இல்லை.

"வாய்தா குடுங்க மேடம். ஒரே ஒரு நாள்."

"கிடையாது. பதில்."

வெளியே யாரோ இருமினார்கள்.

பலவேசம் கட்சி கொடுத்த தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். வெற்றுப் பக்கத்தில், 'ஆட்சேபிப்பவர்கள்' என்று எழுதினார்.

ஒன்று என்று போட்டு, தன் பேரை எழுதினார்.